மாம்சத்தின் உயிர்த்தெழுதலும் ஆயிரம் ஆண்டு அரசும்: ஒரு பிரிவின் வரலாறு

பூமியில் கிறிஸ்து ஆயிரம் ஆண்டு ஆளுவார் என்ற எதிர்பார்ப்பு பண்டைய திருச்சபையில் ஏன் மங்கியது என்று கேட்டால், வரலாற்று நூல்கள் பலவும் ஒரே பெயரைப் பதிலாகச் சொல்கின்றன: கான்ஸ்டன்டைன். துன்புறுத்தப்பட்ட காலத்தில் கிறிஸ்தவர்கள் வரப்போகும் அரசுக்காக ஏங்கினார்கள். 313-க்குப் பிறகு இருக்கிற அரசே அவர்கள் பக்கம் வந்துவிட்டது. அதனால் ஏக்கம் தணிந்தது என்பது அந்த விளக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சான்றுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் இடிக்கிறது. இந்த நம்பிக்கையை மிகக் கடுமையாகத் தாக்கியவர்கள் கான்ஸ்டன்டைன் அரியணை ஏறுவதற்கு இரண்டு தலைமுறைகளுக்கு முன்பே எழுதிவிட்டார்கள். அதை விரிவாக எழுதிய லத்தீன் ஆசிரியர்களில் ஒருவரோ கான்ஸ்டன்டைனின் மகனுக்கே பாடம் சொன்னவர். ஆகவே காரணத்தை அரண்மனைக்கு வெளியே, கோட்பாட்டுக்குள்ளேயே தேட வேண்டும். ஆயிரம் ஆண்டு அரசு என்ற போதனை தொடக்கத்தில் தனியாக நிற்கவில்லை. மாம்சம் உயிர்த்தெழும் என்ற நம்பிக்கைக்கு அரணாகத்தான் அது வளர்ந்தது. சாவுக்கும் உயிர்த்தெழுதலுக்கும் இடையில் ஆன்மா எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குத் திருச்சபை தந்த பதில் மாறியது. மாம்சத்தின் உயிர்த்தெழுதலும் அரணின் துணையின்றியே விசுவாச அறிக்கையில் உறுதிப்பட்டது. இவ்விரண்டும் நடந்து முடிந்தபோது அரணுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

அரசும் உயிர்த்தெழுதலும் யூத மரபில் தனித்தனி ஊற்றுகளிலிருந்து பிறந்தவை. உயிர்த்தெழுதல் பற்றிய தெளிவான பேச்சு, நான்காம் அந்தியோக்கு மன்னன் யூதர்களை ஒடுக்கிய கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வருகிறது. தானியேல் 12-ஆம் அதிகாரம் மண்ணில் உறங்குவோர் விழிப்பதைச் சொல்கிறது. 2 மக்கபேயர் 7-ஆம் அதிகாரத்தில் சித்திரவதைக்கு ஆளாகும் ஏழு சகோதரர்களில் ஒருவன், வெட்டப்படப்போகும் நாவையும் கைகளையும் கடவுளிடமிருந்து திரும்பப் பெறுவேன் என்ற நம்பிக்கையோடு நீட்டுகிறான். உடலுக்கு இழைத்த கொடுமைக்கு உடலிலேயே நீதி கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கை அது. மேசியாவின் அரசு பற்றிய கனவோ ஏசாயா 65 போன்ற பகுதிகளிலிருந்து வருகிறது: நீண்ட ஆயுள், தான் கட்டிய வீட்டில் தானே குடியிருத்தல், தான் நட்ட திராட்சையின் பழத்தைத் தானே உண்ணுதல். கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் எழுந்த நான்காம் எஸ்றா நூல் இரண்டையும் ஒரே கால அட்டவணைக்குள் கொண்டுவந்தது. ஆனால் அதன் வரிசையைக் கவனிக்க வேண்டும். மேசியா 400 ஆண்டுகள் மக்களை மகிழ்விக்கிறார். பிறகு அவரும் மனிதர் எல்லாரும் இறக்கிறார்கள். உலகம் ஏழு நாள் ஆதி மௌனத்துக்குத் திரும்புகிறது. அதற்குப் பிறகுதான் உயிர்த்தெழுதல். அதாவது மேசியாவின் அரசு அப்போது உயிரோடிருப்பவர்களின் அரசு. அதைக் காண முடியாமல் செத்துப்போனவர்களுக்கு அதில் பங்கில்லை.

ஏறத்தாழ அதே பதிற்றாண்டுகளில் எழுதப்பட்ட வெளிப்படுத்தின விசேஷத்தின் 20-ஆம் அதிகாரம் இந்த வரிசையைப் புரட்டிப் போட்டது. அங்கே அரசு தொடங்கும்போதே சாட்சிக்காகத் தலை வெட்டப்பட்டவர்கள் உயிர் பெறுகிறார்கள். அதுவே முதலாம் உயிர்த்தெழுதல். அவர்கள் கிறிஸ்துவோடு ஆயிரம் ஆண்டு ஆளுகிறார்கள். மற்ற இறந்தவர்கள் ஆயிரம் ஆண்டு முடியும்வரை எழுவதில்லை. கிறிஸ்தவர்கள் ஆயிரமாண்டு நம்பிக்கையை யூதரிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்ற பழைய குற்றச்சாட்டு இங்கேயே பலவீனப்பட்டுவிடுகிறது. கட்டுமானப் பொருள்கள் யூத மரபுக்குரியவை, கட்டடம் வேறு. மேசியா ஏற்கெனவே இறந்து உயிர்த்துவிட்டார் என்று நம்பியவர்களுக்கு, அவருடைய அரசின் வாசலே உயிர்த்தெழுதலாக இருந்தாக வேண்டும். உயிரோடிருப்பவர்களின் அரசாக இருந்தது இப்போது கொல்லப்பட்டவர்களின் அரசாயிற்று. தமிழ்நாட்டுப் பெந்தெகொஸ்தே மேடைகளில் இன்று விளக்கப்படும் இரகசிய வருகை, ஏழாண்டு உபத்திரவம், பிறகு ஆயிர வருட அரசாட்சி என்ற வரிசையை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த வரிசை 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி முதலானோர் வகுத்தது. பண்டைய ஆசிரியர்கள் சபை அந்திக்கிறிஸ்துவின் துன்பத்துக்குள் நுழைந்தே கடக்கும் என்று எண்ணினார்கள்.

இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிகியாவின் ஹியராப்போலி நகர ஆயர் பப்பியாஸ் தந்த சித்திரம் பெயர்பெற்றது. ஒவ்வொரு திராட்சைக் கொடியிலும் பத்தாயிரம் கிளை, ஒவ்வொரு கிளையிலும் பத்தாயிரம் சிறுகிளை என்று பெருகிப் பெருகி, ஒரே பழத்தைப் பிழிந்தால் 25 பெருங்குடம் ரசம் என்ற கணக்கில் அது போய் நிற்கும். சிறிய எண்களோடு இதே கணக்கு இரண்டாம் பாரூக் என்ற யூத நூலிலும் உண்டு. இருநூறு ஆண்டு கழித்து வரலாற்றாசிரியர் யூசேபியஸ் இதைப் படித்துவிட்டு, பப்பியாஸ் அறிவில் மிகச் சிறியவர் என்று எழுதிவைத்தார். பின்வந்தவர்கள் பலரும் ஆயிரமாண்டுக் கொள்கையை இந்தத் திராட்சைக் குலையைக் கொண்டே அளந்தார்கள். அது நியாயமில்லை. இன்னொரு வகைச் சிந்தனையும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. ஆதாம் பழத்தை உண்ட நாளிலேயே சாவான் என்று கடவுள் சொன்னார். அவனோ 930 ஆண்டு வாழ்ந்தான். கடவுளுக்கு ஆயிரம் ஆண்டு ஒரு நாள் என்றால், அவன் அந்த நாளுக்குள்ளேயே, 70 ஆண்டு குறைவாக, இறந்துவிட்டான். யூபிலி என்ற யூத நூலில் உள்ள இந்த வாதத்தைக் கிறிஸ்தவ ஆசிரியர் ஜஸ்டின் எடுத்தாள்கிறார். ஆதாமால் முடிக்க முடியாத அந்த நாளை நீதிமான்கள் உயிர்த்தெழுந்து முழுமையாக வாழ்வார்கள். இப்படிப் பார்த்தால், படைப்பில் உடைந்துபோனதைப் படைப்புக்குள்ளேயே சரிசெய்யும் காலம்தான் ஆயிரம் ஆண்டு. பப்பியாஸின் திராட்சை அந்தக் கருத்துக்கு ஓர் ஓரச் சித்திரம் மட்டுமே.

ஜஸ்டின் கி.பி. 160-ஐ ஒட்டி எழுதிய 'திரிபோவுடன் உரையாடல்' நூலின் 80-ஆம் அத்தியாயம் இந்த ஆய்வுக்கு மையமானது. எருசலேம் மீண்டும் கட்டப்படும் என்று உண்மையிலேயே நம்புகிறீர்களா என்று யூதரான திரிபோ கேட்கிறார். தாமும் எல்லா வகையிலும் நேரிய விசுவாசமுள்ள மற்றவர்களும் மாம்சத்தின் உயிர்த்தெழுதலையும் எருசலேமில் ஆயிரம் ஆண்டையும் அறிந்திருப்பதாக ஜஸ்டின் பதில் சொல்கிறார். தூய விசுவாசமுள்ள கிறிஸ்தவர்களிலேயே பலர் ஆயிரம் ஆண்டை ஏற்பதில்லை என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. அடுத்து ஒரு கோடு கிழிக்கிறார்: இறந்தோர் உயிர்த்தெழ மாட்டார்கள், சாவின்போதே ஆன்மாக்கள் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்பவர்களைக் கிறிஸ்தவர்களாகவே எண்ண வேண்டாம் என்கிறார். ஆயிரம் ஆண்டை மறுப்பவர் சகோதரர். உயிர்த்தெழுதலை மறுப்பவர் அயலார். இந்த இரண்டாம் கூட்டத்துக்கு அவர் தரும் அடையாளம்தான் கவனத்துக்குரியது. ஆன்மா நேராக மேலே போய்விடுமானால் உடல் திரும்பி வருவதற்குக் காரணமே இல்லை என்று ஜஸ்டின் காண்கிறார். உடல் மண்ணில் காத்திருக்க வேண்டுமானால் ஆன்மாவும் எங்கோ காத்திருக்க வேண்டும்.

அந்தத் தர்க்கத்தை முழுமையாக வளர்த்தவர் லியோன் நகர ஆயர் இரேனியஸ். அவர் பொறுப்பேற்கும் முன், 177-இல், அந்நகரக் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அது பற்றிய மடலை யூசேபியஸ் காப்பாற்றித் தந்திருக்கிறார். பிணங்களை ஆறு நாள் வெட்டவெளியில் போட்டுவைத்து, பிறகு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். உயிர்த்தெழும் நம்பிக்கை அற்றுப்போகட்டும் என்பதே நோக்கம். கிறிஸ்தவரல்லாதவர்களுக்குக்கூட எது எரிச்சலூட்டியது என்பது இதிலிருந்து தெரிகிறது. அதே காலத்துத் தத்துவ ஆசிரியர் செல்சஸ் இதைப் புழுக்களுக்கு ஏற்ற நம்பிக்கை என்று ஏளனம் செய்தார். இவ்வளவு வெளிப்படையாக இகழப்பட்ட ஒரு கோட்பாட்டை விட்டுவிடுவது எளிது. ஞானவாதக் குழுக்கள் அதைத்தான் செய்தன. மாம்சம் கீழான ஒரு கடவுளின் கைவேலை, மீட்பு என்பது ஆன்மாவின் விடுதலை மட்டுமே என்றன. 180-ஐ ஒட்டி எழுதிய 'பதிதங்களுக்கு எதிராக' என்னும் நூலின் ஐந்தாம் பகுதியில் இரேனியஸ் இதற்கு விடை தருகிறார். அப்பமும் ரசமுமான நற்கருணையால் ஊட்டம் பெறும் மாம்சம் அழியாமையைப் பெறாது என்று எப்படிச் சொல்லலாம் என்ற கேள்வியோடு அவர் வாதம் தொடங்குகிறது. ஆயிரம் ஆண்டு அரசில் போய் முடிகிறது. இடையில் 31-ஆம் அத்தியாயத்தில் ஆன்மாவின் இருப்பிடம் பற்றிய பேச்சு வருகிறது. ஆண்டவரே மூன்று நாள் இறந்தோரிடையே இருந்துவிட்டுத்தான் எழுந்தார்; சீடர்கள் அந்த ஒழுங்கைத் தாண்டிப் போக முடியாது; ஆகவே ஆன்மாக்கள் காணப்படாத ஓர் இடத்தில் காத்திருக்கும் என்கிறார். அடுத்த அத்தியாயத்தின் நீதி வாதம் மக்கபேயர் நூலில் வரும் அந்தச் சகோதரனின் பேச்சுக்கு நேர் வாரிசு: எந்தப் படைப்பில் உழைத்தார்களோ, எந்தப் படைப்பில் கடவுளன்பின் பொருட்டுக் கொல்லப்பட்டார்களோ, அதே படைப்பில் உயிர் பெற்று ஆளுவதே நியாயம். சாம்பல் ஆற்றோடு போன ஊரின் ஆயர் சொல்வது இது. வானத்துக்கு அப்பால் கிடைக்கும் பரிசு போதாது, இந்த மண்ணே கணக்கைத் தீர்க்க வேண்டும் என்பதே அவர் நிலை.

கார்த்தேஜ் நகரத் தெர்த்துல்லியனிடமும் இதே பிணைப்பு. மாம்சத்தை வெறுத்த மார்சியோனுக்கு எதிராக அவர் எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் ஆயிரம் ஆண்டு பேசப்படுகிறது. மாம்சத்தின் உயிர்த்தெழுதலுக்கென்றே தனி நூலும் எழுதினார். யூதேயாவில் படையெடுப்பின்போது நாற்பது நாள் விடியற்காலையில் ஒரு நகரம் வானில் தொங்கக் கண்டதாக வந்த செய்தியையும் சான்றாகச் சேர்க்கிறார். எழுத்தில் இவ்வளவு கூர்மையான மனிதர் இந்தச் செய்தியை மட்டும் ஏன் குறுக்கு விசாரணை இன்றி விட்டார் என்று எனக்கு வியப்புண்டு. புதிய தீர்க்கதரிசனத்தை முன்வைத்த மொந்தனஸ் இயக்கத்தின் பக்கம் சாய்ந்ததால்தான் அவர் இப்படி நம்பினார் என்பார்கள். அவருக்கு முன்பே ஜஸ்டினும் இரேனியஸும் அந்த இயக்கத்தின் துணையின்றியே இதை எழுதிவிட்டார்கள். அவருடைய 'ஆன்மாவைப் பற்றி' நூலின் 55-ஆம் அத்தியாயம்தான் முக்கியம். எல்லா ஆன்மாக்களும் பாதாளத்தில் காத்திருக்கும். பரதீசின் சாவி இரத்தசாட்சியின் இரத்தம் மட்டுமே என்கிறார். 203-இல் கார்த்தேஜில் கொல்லப்பட்ட பெர்பெத்துவா கண்ட காட்சியைச் சான்றுக்கு அழைக்கிறார். ஒரே ஒரு விதிவிலக்குத்தான். ஆனால் வெளிப்படுத்தின விசேஷம் ஆயிரம் ஆண்டு அரசைத் தந்தது யாருக்கு? அதே இரத்தசாட்சிகளுக்கு. அவர்கள் ஏற்கெனவே பரதீசில் இருக்கிறார்கள் என்றால், காத்திருப்பு என்ற அடித்தளத்தின் முதல் கல்லை ஆயிரமாண்டுக் கொள்கையரே உருவிவிட்டார்கள் என்றுதான் பொருள்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். ஆன்மா உடனே விண்ணகம் சேரும் என்ற எண்ணம் ஞானவாதிகளுக்கு மட்டும் உரியதல்லவே. உலகைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவோடு இருக்க விரும்புவதாகப் பவுலே பிலிப்பியருக்கு எழுதினார். வெளிப்படுத்தின விசேஷத்தின் 6-ஆம் அதிகாரத்தில் கொல்லப்பட்டோரின் ஆன்மாக்கள் விண்ணகப் பலிபீடத்தின் கீழே குரல் எழுப்புகின்றன. இரத்தசாட்சிகளின் வரலாறுகளில் ஆயிரம் ஆண்டைவிட உடனடி முடிசூடலே அதிகம் பேசப்படுகிறது. அப்படியிருக்க, பூமியில் அரசு வேண்டாம் என்ற நிலையும் ஆயிரமாண்டு நம்பிக்கை அளவுக்குப் பழையதாயிற்றே? ஆம், பழையதுதான். சார்ல்ஸ் ஹில் என்ற ஆய்வாளர் இரண்டு இணை மரபுகள் தொடக்கம் முதலே இருந்தன என்று விரிவாக வாதிட்டிருக்கிறார். ஜஸ்டினின் ஒப்புதல் ஒன்றே அதற்குப் போதுமான சான்று. ஆனால் இந்த ஆட்சேபம் என் வாதத்தைக் குலைப்பதற்குப் பதில் கூர்மையாக்குகிறது. இரண்டாம் நூற்றாண்டில் உடனடி விண்ணகம் என்ற மரபு வாதக் களத்தில் சங்கடமான இடத்தில் நின்றது. ஞானவாதிகளும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நேரிய விசுவாசிகள் என்று கருதப்படும் சிலரும் இந்த விஷயத்தில் அவர்களைப் போலவே எண்ணுகிறார்கள் என்று இரேனியஸ் வருந்துகிறார். ஞானவாதம் அச்சுறுத்தலாக இருந்தவரை மாம்சத்துக்குப் பாதுகாப்பான வாதம் ஆயிரம் ஆண்டின் பக்கம்தான் இருந்தது. அந்த அச்சுறுத்தல் குறைந்ததும் மற்ற மரபு தயக்கமின்றித் தலை நிமிர்ந்தது.

கால அட்டவணைச் சிக்கலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். படைப்பு ஆறு நாள், ஆகவே உலகுக்கு ஆறாயிரம் ஆண்டு, ஏழாவது ஆயிரம் ஓய்வு என்ற கணக்கைப் பர்னபா மடலும் இரேனியஸும் ஏற்றார்கள். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தானியேலுக்கு உரை எழுதிய இப்போலித்து, கிறிஸ்து 5500-ஆம் ஆண்டில் பிறந்தார் என்று வகுத்தார். முடிவுக்கு இன்னும் முந்நூறு ஆண்டு இருக்கிறது என்று அதற்குப் பொருள். சிரியாவில் ஒரு சபைத் தலைவர் கிறிஸ்துவைச் சந்திக்கவென்று மக்களைப் பாலைவனத்துக்கு இட்டுச்சென்றதையும், பொந்துவில் இன்னொருவர் ஓராண்டுக்குள் தீர்ப்பு என்றதும் மக்கள் மாடுகளை விற்று நிலத்தைத் தரிசாகப் போட்டதையும் அதே உரையில் அவர் பதிவு செய்கிறார். கணக்கு அவரிடம் பரபரப்பைத் தணிக்கும் மருந்தாகத்தான் பயன்பட்டது.

உண்மையான தாக்குதல் அலெக்சாந்திரியாவிலிருந்து வந்தது. அந்நகர ஆசிரியர் ஓரிகன் 'முதற்கோட்பாடுகள்' நூலின் இரண்டாம் பகுதியில், உயிர்த்தெழுந்த பின்னும் உண்ணவும் குடிக்கவும் மணக்கவும் விரும்புவோரை, விலையுயர்ந்த கற்களால் எருசலேம் கட்டப்படும் என்று எதிர்பார்ப்போரைக் கடிந்துகொள்கிறார். ஆனால் அவர் உயிர்த்தெழுதலை மறுக்கவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 15-ஆம் அதிகாரத்தில் பவுல் தரும் விதை உவமையைப் பற்றிக்கொண்டு, உடலுக்குள் ஒரு வடிவ ஆற்றல் உண்டு, அதுவே ஆவிக்குரிய உடலாக எழும் என்கிறார். ஞானவாதிகளையும் செல்சஸையும் மறுத்து, ஆயிரம் ஆண்டையும் விலக்கி, உயிர்த்தெழுதலை வைத்துக்கொள்ள முடியும் என்று முதன்முதலில் முறைப்படி காட்டியவர் அவரே. அந்த உயிர்த்தெழுதலில் மாம்சம் எவ்வளவு மிஞ்சியது என்ற சண்டை பின்னால் வந்தது. ஆனால் இரேனியஸ் இறுக்கிக் கட்டிய முடிச்சு இங்கே அவிழ்ந்துவிட்டது.

அவர் மாணவரும் 247 முதல் அலெக்சாந்திரிய ஆயருமான தியோனீசியஸ் அதை ஊர் அளவுக்குக் கொண்டுபோனார். எகிப்திய ஆயர் நேப்போஸ், உருவகமாகப் பொருள் கொள்வோரை மறுத்து ஒரு நூல் எழுதிவிட்டு இறந்திருந்தார். அர்சினோவே வட்டாரத்தில் அந்நூல் அசைக்க முடியாத மதில்போல மதிக்கப்பட்டது. முழுச் சபைகளே பிரிந்துபோயின. தியோனீசியஸ் அங்கே சென்று கிராமங்களின் மூப்பர்களையும் போதகர்களையும் கூட்டி, மூன்று நாள் காலை முதல் மாலைவரை நூலை முன்னே வைத்து வாதித்தார். யூசேபியஸ் காத்துத் தந்திருக்கும் அவருடைய விவரிப்பில் கண்டனத்தைவிட மரியாதையே மிகுதி. நேப்போஸின் விசுவாசத்தையும் உழைப்பையும் பாடல்களையும் புகழ்கிறார். மக்கள் பொறுமையாகவும் ஒழுங்காகவும் கேள்வி கேட்டதைப் பாராட்டுகிறார். இறுதியில் கொராக்கியோன் என்ற அவர்களுடைய தலைவர் இனி அதைப் போதிப்பதில்லை என்று எல்லார் முன்னும் ஒப்புக்கொண்டார். இவர்கள் யாரும் அரசின் தயவை அனுபவித்தவர்கள் அல்லர். பேரரசர்கள் டீசியஸ், வலேரியன் இருவர் காலத்துத் துன்புறுத்தல்களிலும் தியோனீசியஸ் சிக்கி, நாடுகடத்தப்பட்டவர். துன்புறுத்தல்தான் ஆயிரம் ஆண்டை வளர்த்தது என்றால், அவர் அதன் பக்கம் நின்றிருக்க வேண்டும். எளிய மக்கள் அற்பமான, அழியக்கூடியவற்றுக்கு ஆசைப்படப் பழகி, ஆண்டவரின் வருகையையும் நம் உயிர்த்தெழுதலையும் உயர்வாக எண்ணாமல் போகிறார்கள் என்பதே அவர் மனக்குறை. உயிர்த்தெழுதல் இப்போது அவர் வாதத்துக்கு ஆயுதம். எண்பது ஆண்டு முன்பு அது இரேனியஸின் கையில் இருந்தது. வெளிப்படுத்தின விசேஷம் நான்காம் நற்செய்தியின் ஆசிரியர் எழுதியதல்ல என்று நடையை வைத்து அவர் செய்த ஆய்வும் கிழக்கில் அந்நூலின் மதிப்பைக் குறைத்தது. எருசலேம் ஆயர் சிரிலின் நூற்பட்டியலில் அது இல்லை. தென்னிந்தியத் தோமா கிறிஸ்தவர்கள் வழிவழியாகக் கையாண்ட பெஷித்தா என்னும் சீரியத் திருநூலின் பழைய தொகுப்பிலும் இல்லை.

இதற்கு எதிர்த்தரப்பிலிருந்து வந்த மறுமொழியே பிரிவை உறுதிப்படுத்தியது. ஒலிம்பு ஆயர் மெத்தோடியஸ் ஓரிகனை எதிர்த்து உயிர்த்தெழுதல் பற்றி ஒரு நூலே எழுதினார்; இதே மாம்சம்தான் எழும் என்றார். அவரிடமும் ஆயிரம் ஆண்டு உண்டு, கூடாரப் பெருவிழா என்ற உருவில். ஆனால் அதில் பப்பியாஸின் திராட்சையும் இல்லை, இரேனியஸின் நீதிக் கணக்கும் இல்லை. விண்ணகத்துக்குப் போகும் வழியில் ஓர் இளைப்பாறல் அது. மாம்சத்தைக் காக்க அவர் நம்பியிருப்பது உடலியலும் தத்துவமும் கலந்த வாதங்களை. ஆயிரம் ஆண்டு அவற்றோடு ஓரமாக நிற்கிறது.

லக்தான்சியஸைக் கொண்டு கான்ஸ்டன்டைன் விளக்கத்தை நேரடியாகச் சோதிக்கலாம். 303-இல் துன்புறுத்தல் தொடங்கியபோது நிக்கோமேதியாவில் சொல்லணி ஆசிரியராக இருந்தவர். அவருடைய 'தெய்வீகப் போதனைகள்' நூலின் ஏழாம் பகுதி ஆயிரம் ஆண்டை வெகு விரிவாகச் சொல்கிறது. சிபில்லா என்ற குறிசொல்லியின் வாக்குகளும் வெர்ஜிலின் கவிதையும்கூடச் சான்றாக வருகின்றன. பின்னர் அவர் கான்ஸ்டன்டைனின் மகன் கிரிஸ்புவுக்கு ஆசிரியரானார். நூலில் பேரரசரை விளித்துப் புகழுரைகளும் சேர்ந்தன. பேரரசரின் ஆதரவும் ஆயிரம் ஆண்டும் ஒரே நூலுக்குள் சண்டையின்றி இருந்தன. மறுபக்கம், 325-இல் பேரரசர் ஆயர்களுக்கு அளித்த விருந்தைக் கிறிஸ்துவின் அரசின் சாயல் என்று எண்ணத் தோன்றியதாக யூசேபியஸ் எழுதியது உண்மையே; கான்ஸ்டன்டைன் விளக்கத்தை ஆதரிப்போர் தவறாமல் காட்டும் பகுதி அது. ஆனால் யூசேபியஸ் செசரியாவில் இருந்த ஓரிகனின் நூலகத்தில் வளர்ந்தவர். ஆயிரம் ஆண்டின் மேல் அவருக்கு இருந்த வெறுப்புக்கு வேர் செசரியாவில் இருக்கிறது. விருந்து அதற்கு ஓர் அலங்காரம் சேர்த்தது.

ஆயர்களின் சங்கங்கள் கண்டித்ததால் இந்த நம்பிக்கை மறைந்தது என்ற விளக்கமும் நிற்காது. 381-ஆம் ஆண்டுக் கான்ஸ்தாந்திநோப்பிள் விசுவாச அறிக்கை கிறிஸ்துவின் அரசுக்கு முடிவில்லை என்கிறது. அது குறிவைத்தது, மகனின் அரசு ஒருநாள் முடிந்து தந்தையிடம் ஒப்படைக்கப்படும் என்ற அங்கிரா மார்செல்லஸின் போதனையை. 431-இல் எபேசு சங்கம் ஆயிரமாண்டுக் கொள்கையைக் கண்டித்ததாக அடிக்கடி எழுதப்படுகிறது. அச்சங்கத்தின் விதிகளில் அப்படி ஒன்றும் இல்லை. நான்காம் நூற்றாண்டில் கெட்ட பெயர் வேறு வழியாக வந்தது. லவோதிக்கேயா அப்பொல்லினாரிஸ் கிறிஸ்துவின் மனித இயல்பு பற்றிய போதனைக்காகக் கண்டிக்கப்பட்டபோது, உயிர்த்தெழுந்தபின் ஆலயமும் பழைய சட்டமும் திரும்பும் என்று அவர் போதித்ததாகப் பசீலியார் ஒரு மடலில் சாடினார்.

சங்கங்களைவிட அதிகமாகச் சாதித்தவை கல்லறைகள். நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரத்தசாட்சிகளின் எலும்புகள் சபை வாழ்வின் நடுவே வந்துவிட்டன. 386-இல் மிலான் ஆயர் அம்புரோஸ், கெர்வாசியுஸ், புரோத்தாசியுஸ் என்ற இரத்தசாட்சிகள் இருவரின் எச்சங்களைப் பலிபீடத்தின் கீழ் வைத்தார். இரத்தசாட்சியின் ஆன்மா விண்ணகத்தில் பரிந்து பேசுகிறது, எலும்போ இங்கே குணமளிக்கிறது என்ற நம்பிக்கைக்குப் பாதாளக் காத்திருப்பு இடைஞ்சல். 406-இல் விஜிலான்சியுஸ் என்ற குரு, இரத்தசாட்சிகளின் ஆன்மாக்கள் ஓர் இடத்தில் இளைப்பாறுகின்றன, நினைத்த இடத்தில் அவை இருக்க முடியாது என்று வாதிட்டபோது, திருநூல் அறிஞர் ஜெரோம் அவர்மேல் பாய்ந்தார். ஆட்டுக்குட்டி போகுமிடமெல்லாம் அவர்களும் போகிறார்கள் என்றார். இரேனியஸுக்கு விசுவாசத்தின் அரணாக இருந்த கருத்து இப்போது இரத்தசாட்சிகளைச் சிறைவைக்கும் குற்றமாகிவிட்டது. அதே காலத்தில் மாம்சத்துக்கு வேறு காவல் கிடைத்திருந்தது. பழைய உரோமை விசுவாச அறிக்கையே மாம்சத்தின் உயிர்த்தெழுதலைச் சொன்னது. அக்குவிலேயா சபையோ ஒரு படி மேலே போய் இந்த மாம்சத்தின் உயிர்த்தெழுதல் என்று அறிக்கையிட்டதாக ருஃபீனுஸ் விளக்குகிறார். இந்த மாம்சம் என்று அழுத்திச் சொல்லும் சபைக்கு ஆயிரம் ஆண்டு தேவைப்படவில்லை.

இந்த இழைகள் எல்லாம் ஹிப்போ ஆயர் அகஸ்டினிடம் சேர்கின்றன. அவரும் முன்பு ஆயிரமாண்டுக் கொள்கையரே. புனிதர்களின் ஏழாம் நாள் ஓய்வு இந்தப் பூமியில்தான் என்று அவர் ஆற்றிய மறையுரை கிடைக்கிறது. 'கடவுளின் நகரம்' 20-ஆம் பகுதியில் அதை ஒப்புக்கொண்டு, மிதமிஞ்சிய விருந்துகளைப் பேசுவோரால்தான் விலகியதாகச் சொல்கிறார். விருந்து வெறும் தூண்டுதல் என்றே எனக்குப் படுகிறது. அவருக்கு வழி திறந்தவர் தொனாத்துப் பிரிவைச் சேர்ந்த திக்கோனியஸ். முதலாம் உயிர்த்தெழுதல் திருமுழுக்கில் ஆன்மா எழுவது, ஆயிரம் ஆண்டு சபையின் காலம் என்பது அவர் உரை. பெரும்பான்மைச் சபைக்கு வெளியே, அரசின் ஒடுக்குதலுக்கு ஆளாகிக்கொண்டிருந்த ஒரு பிரிவில் இந்த உரை பிறந்தது என்பதையும் கான்ஸ்டன்டைன் விளக்கத்தின் எதிரே வைக்கலாம். அகஸ்டின் இதோடு பலிபீடத்தை இணைத்தார். இரத்தசாட்சிகளின் ஆன்மாக்கள் உடலைத் திரும்பப் பெறாமலே இப்போதே கிறிஸ்துவோடு ஆளுகின்றன. இல்லாவிட்டால் பலிபீடத்தில் அவர்களை ஏன் நினைவுகூருகிறோம் என்று கேட்கிறார். ஆயிரம் ஆண்டு அரசு நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு மாம்சம் தேவையில்லை. ஆனால் அவர் மாம்சத்தைக் கைவிட்டார் என்று சொல்வோர் 22-ஆம் பகுதியைப் படிக்க வேண்டும். நகம், முடி, கருவில் இறந்த குழந்தை, பெண்ணின் உடல் பெண்ணுடலாகவே எழுவது, மனிதன் மனிதனைத் தின்றால் அந்தச் சதை யாருக்குச் சேரும் என்பது வரை அங்கே விவாதம் உண்டு. முதல் இரத்தசாட்சி ஸ்தேவானின் எச்சங்கள் ஹிப்போவுக்கு வந்து இரண்டு ஆண்டுக்குள் ஏறத்தாழ 70 புதுமைகளுக்கு எழுத்துப் பதிவு இருப்பதாகச் சொல்லி, அவற்றை மாம்சம் எழும் என்பதற்குச் சாட்சியாக நிறுத்துகிறார். இரேனியஸுக்கு வரப்போகும் அரசு செய்ய வேண்டியிருந்த வேலையை இவருக்கு ஒரு பெட்டி எலும்பு செய்துவிட்டது.

படியெடுத்தவர்களின் கையிலும் இதே பிரிவைப் பார்க்கலாம். பெத்தாவு நகர ஆயரும் இரத்தசாட்சியுமான விக்தோரினுஸ் எழுதிய, நமக்குக் கிடைத்த மிகப் பழைய லத்தீன் வெளிப்படுத்தின விசேஷ உரையை 398-இல் ஜெரோம் திருத்தி வெளியிட்டார். இறுதிப் பகுதியில் இருந்த ஆயிரமாண்டுப் போதனையை நீக்கி வேறு முடிவைச் சேர்த்தார். பல நூற்றாண்டு அந்தத் திருத்தமே விக்தோரினுஸின் பெயரில் உலவியது. ஹவுஸ்லைட்டர் பதிப்பித்த மூல வடிவம் 1916-இல்தான் அச்சில் வந்தது. இரேனியஸின் ஐந்தாம் பகுதி இன்னும் துல்லியமாக அறுபட்டது. லத்தீன் சுவடிகள் சிலவற்றில் அது 31-ஆம் அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறது. 1526-இல் எராஸ்முஸ் அச்சிட்ட பதிப்பிலும் கடைசி ஐந்து அத்தியாயங்கள் இல்லை. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபேவார்தான் வேறு சுவடியிலிருந்து அவற்றைச் சேர்த்தார். 1904-இல் எரெவானில் கிடைத்த அர்மேனிய மொழிபெயர்ப்பு அவை இரேனியஸுடையவையே என்பதை உறுதிப்படுத்தியது. நற்கருணையால் ஊட்டம் பெறும் மாம்சம் எழும் என்ற அத்தியாயங்களைப் படியெடுத்தவர்கள் வரிபிசகாமல் காத்தார்கள். அந்த மாம்சம் எழுந்து எந்த மண்ணில் வாழும் என்று சொல்லும் இடத்தில் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார்கள்.